மற்றும் மூவர்

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. சங்க அலுவலகத்திலிருந்து திரும்பிய சித்தி பையைக்கூடக் கீழே வைக்காமல், "நான் இதுவரைக்கும் விளையாடவே இல்லையாம்டா" என்றாள்.

பதினோரு நாடுகளில் லான் பவுல்ஸ் எனும் பந்து உருட்டும் ஆட்டம் ஆடியவள். இரவு ஷிப்டை விட்டு நின்றதிலிருந்து எனக்கு நேரம் நிறைய. எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: பச்சைப் புல்வெளியில் வெண்ணிற உடையில் தேவதையைப் போல

(அடித்துவிட்டேன். சித்தி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். தேவதை என்றால் எனக்கும் குத்துவாள்.)

இரண்டாம் தொடக்கம்: இந்த ஆட்டத்தின் பந்து ஒரு பக்கம் கனமானது, நேராக உருட்டினாலும் வளைந்துதான் போகும், வாழ்க்கையைப்

(வேண்டாம். பந்து பந்தாகவே இருக்கட்டும்.)

உங்களுக்குத் தெரியவேண்டியது இவ்வளவே. அணியில் நால்வர். முதல் ஆள் ஜாக் எனும் சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டு, தன் பந்துகளை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். தலைவி எதிர்முனையில் நின்று கத்துவாள், கடைசியாக ஆடுவாள், கைதட்டலை வாங்குவாள். சித்தி இருபது வருடமாக முதல் ஆள்.

3

அலுவலகக் காட்சி. சித்தி சொன்னபடியே.

"கம்ப்யூட்டர் லிஸ்ட்ல உங்க பேரு இல்லையேம்மா."

"தலைவி பேருக்குப் பின்னாடி 'மற்றும் மூவர்'னு இருக்குல்ல? அதுல ஒருத்தி நான்."

"எந்த ஒருத்தி?"

"முதல் ஒருத்தி."

"போட்டோ இருக்கா?"

கொடுத்திருக்கிறாள். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்திருக்கிறார். "தொப்பிதான் தெரியுது."

பத்து சர்வதேசப் போட்டி ஆடியவர்கள் நேராகத் தேசிய அணித் தேர்வுக்குப் போகலாம். மற்றவர்கள் புது ஆள் கணக்கு. புது ஆளுக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. சித்திக்கு நாற்பத்தாறு. ஆக, ஆடாத ஆட்டத்திலிருந்து அவளை ஓய்வுபெறச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆதாரம் கொடுக்கவேண்டும். பழைய ஆட்டங்களின் மூலத் தாள்களைக் கணினியில் ஏற்றியதும் சங்கமே எடைக்குப் போட்டுவிட்டது. ஆதாரத்தை அழித்தவனே ஆதாரம் கேட்கிறான்!

(இந்த இடத்தில் மேசையைக் குத்தினேன். எழுத்தில் அது வராது.)

4

இதுவரை எழுதியதைச் சித்தி வாங்கிப் படித்தாள். முதல் பிரதியில் இன்னொரு வரி இருந்தது: 'தாள்களைக் கணினியில் ஏற்றிய ஓர் ஊழியர், கட்டத்தில் இடம் போதாமல் மூன்று பெயர்களை விழுங்கிவிட்டார்.'

"யாருடா அந்த ஊழியர்?"

அந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். சம்பளத்துக்குத் தட்டுகிறவன், பாவம் என்று எழுதியிருந்தேன். பாவமெல்லாம் இல்லை. அந்த மூன்றில் ஒன்று தன் சித்தியின் பெயர் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே தட்டினான். இரவுக்கு முந்நூறு தாள் முடிக்கவேண்டும், நான்கு பெயரையும் கட்டத்துக்குள் திணிக்கச் சுருக்கி அடிக்கவேண்டும், சோம்பல்.

"நான்தான் சித்தி."

அவள் கத்தவில்லை. பேப்பரை மடித்தாள். "எதிரி கூட இப்படி ஜாக்கை மறைச்சதில்லடா."

5

சமாளிக்க, கதைக்கு இரண்டு முடிவுகளை நீட்டினேன். ஒன்று: அதிகாரி மன்னிப்புக் கேட்கிறார்.

"எந்த ஊர்ல?"

இரண்டு: நீ வழக்குப் போட்டு ஜெயிக்கிறாய்.

"அதுக்குள்ள எனக்கு அறுபது ஆயிடும். கதைய நிறுத்து. நான்தான் பேரை விட்டேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் நீட்டு."

"இன்னும் முடிக்கலையே சித்தி."

"கதைக்கு யாரும் கடைசி தேதி போடல."

6

இன்று வெள்ளி. மணி நான்கு அடித்து ஐந்து நிமிடம். கடிதம் தயார், ஏழு வரி, ஒரு உவமையும் இல்லை. வாசலில் சித்தி செருப்பு மாட்டிக்கொண்டு, "வர்றியா, இல்ல இன்னும் எழுதுறியா?" என்கிறாள். அதிகாரி இதை ஏற்பாரா என்று எனக்குத் தெரியாது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை: அந்த அதிகாரியை நல்லவனாக்காதீர்கள். என்னையும்தான். நான் போகவேண்டும், கவுன்ட்டரை ஐந்துக்கு