தளிர்விட்ட முட்டுக்குச்சி

கைவிடப்பட்ட கல்குவாரிச் சரிவில் காலை ஏழு மணிக்கே கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. மரம் நடும் திட்டத்தில் தற்காலிக வேலையில் இருந்த அவள் ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு போனாள். நட்ட ஆயிரம் கன்றுகளில் எண்ணூறு பிழைத்திருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி ஜவுளிக்கடைதான்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் முப்பத்தைந்து வயதில் சூழல் மீட்புப் படிப்பில் சேர்ந்தபோது சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. மரம் நடக்கூடவா சர்டிபிகேட் என்று மாமியார் கேட்டார். கணவர் மட்டும் சிரிக்காமல் இரண்டு வருடம் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். உப்பு மட்டும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. அந்த மனிதரை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

எண்ணி முடித்தபோது எண்ணூற்றுப் பன்னிரண்டு வந்தது. சந்தோஷத்தில் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பெண் குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

குனிந்தாள். பச்சையாக நின்றது கன்று இல்லை, கன்று சாயாமலிருக்க ஊன்றிய முட்டுக்குச்சி. வேலியோர மரத்திலிருந்து அவளே வெட்டச் சொன்ன ஈரக் குச்சிகள், ஊற்றிய தண்ணீரைக் குடித்து வேர்பிடித்துத் தளிர்விட்டிருந்தன. பக்கத்தில் கன்றுகள் சருகாகிக் கிடந்தன. காய்ந்த குச்சியைத்தான் ஊன்ற வேண்டும் என்பது படிப்பின் முதல் மாதப் பாடம். கன்றுகளின் பட்டையை நகத்தால் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்து மறுபடி எண்ணினாள். முந்நூற்று நாற்பதுதான் தேறியது.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். முன்பு வேலை செய்த இடத்தில் இப்படிச் சொன்னதற்கு மறுநாளே வரவேண்டாம் என்றுவிட்டார்களாம்.

திட்டத்தின் மேற்பார்வையாளர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "பச்சைன்னா பச்சைதாம்மா. எண்ணூத்திப் பன்னெண்டுன்னே எழுது. யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?"

அவளுக்குப் பழைய பதிவேடு நினைவுக்கு வந்தது. இதே சரிவில் ஏற்கெனவே மூன்று முறை மரம் நட்டு, மூன்று முறையும் தொண்ணூறு சதவீதம் பிழைத்ததாக எழுதியிருந்தார்கள். சரிவோ மொட்டையாகத்தான் இருந்தது. அவள் முந்நூற்று நாற்பது என்று எழுதினாள். தவறு தன்னுடையது என்றும், வெறும் பாறையில் வேலிமரக் குச்சிகள் தழைத்திருக்கின்றன என்றும் சேர்த்து எழுதிவிட்டு, எது வந்தாலும் வரட்டும் என்று அறிக்கையைத் திட்ட இயக்குநருக்கு அனுப்பினாள்.

நான்காம் நாள் இயக்குநர் அம்மாள் கூப்பிட்டார். நிரந்தரம் இப்போதைக்கு இல்லை என்றார். அவள் முகம் விழுந்தது.

"இந்தச் சரிவைப் பத்தி நாலு அறிக்கை படிச்சிருக்கேன். எனக்கு உதவுனது உன்னோடது ஒண்ணுதான். முதல்ல அந்த வேலிமரத்தையே வளர்த்து, நிழல் வந்ததும் கன்னு வை. ஒரு வருஷம் தர்றேன்."

அங்கிருந்து நேரே சரிவுக்குத்தான் போனாள். தண்ணீர் ஊற்றும் பெண்ணின் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். மேற்பார்வையாளரும் பக்கத்தில்தான் நின்றார்.

"நீ வாயத் திறக்கலைன்னா நாலாவது பொய்ய நான் எழுதியிருப்பேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. செத்ததைச் செத்துப்போச்சுன்னு எழுதினாத்தான், அடுத்து வைக்கிறதாவது பிழைக்கும்."

மேற்பார்வையாளர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, ஒரு கன்றின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார்.