கோவர்த்தனன் படிக்காத கடிதங்கள்

1

இக்கதை சினத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சித்தூர் கேபிள் தொலைக்காட்சி ஒன்றில் இருபத்தொரு ஆண்டுகள் மாலைத் தமிழ்ச் செய்தி வாசித்த கோவர்த்தனன், சென்ற வாரம் திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் காலமானார்.

தொடக்கம் அ: ‘செய்தி வாசிப்பு என்பது ஓர் அருங்கலையாகும். அக்கலையில்...’ (கைவிடப்பட்டது. இது பாடநூல்.)

தொடக்கம் ஆ: ‘அவருடைய குரல் கேட்டதும் எங்கள் தெருவே...’ (பொய். நான் மட்டுமே கேட்டேன். மற்றவர்கள் சீரியல் பார்த்தனர்.)

தொடக்கம் இ: மறுநாள் அஞ்சலி நிகழ்ச்சியில், அவர் கடைசியாக வாசித்த தாளை மேலாளர் ஹரிபாபு கேமராவின்முன் நீட்டினார். தமிழ்ச் செய்தி முழுவதும் தெலுங்கு எழுத்தில் இருந்தது. “மா சார்கி தமிழ் அட்சரம் ஒக்கட்டி கூட ராது” என்று சிரித்தார். எங்கள் சாருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதாம். உடனிருந்தவர்களும் சிரித்தனர்.

இதுவே இருக்கட்டும்.

2

(ஆசிரியர் குறுக்கிடுகிறார்.) சிரித்தவர்களைக் கேட்கிறேன்: தெலுங்குப் பள்ளி மட்டுமே இருந்த ஊரில் பிறந்த தமிழர், தமிழ் எழுத்தை எங்கே கற்றிருக்க வேண்டும்? வீட்டில் பேசிய மொழியை, தமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொண்டு, பிழையின்றி வாசித்தார். இருபத்தொரு ஆண்டுகள் அவர் மறைத்து வைத்த தாளை, இறந்த மறுநாளே நீங்கள்...

நிற்க. நான் பள்ளியையே பார்க்காதவள். குடிபாலாவில் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, அவர் வாசிப்பைக் கேட்ட ஆசையில், நாற்பத்து மூன்றாம் வயதில் தமிழ் எழுத்துகளைக் கற்றேன். கற்ற பெருமிதத்தில் அவருக்கே மாதந்தோறும் கடிதம் எழுதினேன். மொத்தம் பதினான்கு. ஒன்றுக்கும் பதில் இல்லை.

[ஐயம்: இக்கதையின் ‘நான்’ நல்லவளா? வாசகர் அவசரப்பட வேண்டாம்.]

3

நேற்று துக்கம் விசாரிக்கச் சென்று, கடிதங்கள் எழுதியவள் நான்தான் என்றேன். அவர் மனைவி ரூபா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே என் கடிதங்கள்.

“நீங்கதானா அந்தக் குடிபாலா அக்கா? முத்திரையில ஊர்ப்பேரு மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும். லெட்டர் வந்தா நாளெல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினே இருப்பாரு. யாராண்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லுன்னா, ‘ஊரே சிரிக்கும், உனுக்கு இன்னா தெரியும்’னு என்மேல எரிஞ்சு விழுவாரு.”

“பதிலே வரலியேன்னு நான்...”

“இன்னாத்த எழுதுவாரு? தெலுங்குல எழுதி மாட்டிக்கவா?” அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். “இது கடைசியா வந்தது. ஆஸ்பத்திரிக்கும் சட்டைப் பையில வெச்சிக்கினு போனாரு. ‘எல்லாத்தவிட இதுதான் நீளமா கீது, மனசாரப் பாராட்டி எழுதிக்கிறாங்க’ன்னாரு. எனுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. படிங்கக்கா, கேக்கறேன்.”

பிரித்தேன். என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.

‘ஐயா, பதில் எழுதாத ஆணவம் கொண்ட தாங்கள், தமிழ்ச் செய்தி வாசிக்கத் தகுதியற்றவர்.’

அதன்பின் மூன்று பக்கங்கள்.

4

முடிவு அ: உள்ளபடியே வாசித்தேன். ரூபாவின் முகம்... (முடியாது.)

முடிவு ஆ: எழுதாத புகழுரையை எழுதியதுபோல் வாசித்தேன். அவர் மகிழ்ந்தார். (அவரையும் ஏமாற்றவா?)

முடிவு இ: கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். (நாற்பத்து மூன்று வயதுவரை எவர் தாளை நீட்டினாலும் நான் சொல்லி வந்த பொய்.)

ஹரிபாபு ஒருமுறை சிரித்தார். நானோ மூன்று பக்கம் எழுதினேன், சந்திப்பிழை இல்லாமல். இந்தச் சினத்தை வைத்துக்கொண்டு நான் எந்த முடிவையும் எழுதப்போவதில்லை.

வாசகரே, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். தாளைப் பிடியுங்கள். ரூபா எதிரில் அமர்ந்திருக்கிறார்.

வாசியுங்கள்.