சாய்ந்த தரைக்கு வெட்டிய கால்கள்

அன்று மழை பெய்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பிரான்சின் ரென் நகரில் மழையில்லாத நாளைத்தான் மனம் தனியாக எடுத்து வைக்கும். அதனால் பெய்திருக்க வேண்டும். அக்கா பேசியது மட்டும் நினைவிருக்கிறது. அதிலும் ஒன்றிரண்டை நானே சேர்த்திருக்கலாம்.

அக்கா மாரிவோன் சந்தையில் கருங்கோதுமை அடைக்குள் சுட்ட சாசேஜைச் சுருட்டி விற்பவள். மணமுறிவுக்குப் பிறகு, சாமானோடு வாடகைக்கு விடும் அறைகளிலேயே காலம் தள்ளினாள். ஐம்பத்தெட்டு வயதில், பேராலயத்துக்குப் பின்னால், மரச்சட்டங்களுக்கிடையே மண் பூசிய பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியில் ஓர் அறை, கட்டில் மேசையோடு விலைக்கு வந்தது.

அந்தத் தெருவில் எந்த வீடும் நேராக நிற்பதில்லை. நாங்கள் முதல்முறை பார்க்கப் போனபோது, அறையின் தரை சன்னலை நோக்கிச் சரிந்திருந்தது.

"குடிக்காமலே தள்ளாடலாம், காசு மிச்சம்," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். இறந்துபோன வீட்டுக்காரி, மேசை, கட்டில், அலமாரி எல்லாவற்றின் கால்களையும் சரிவுக்குத் தக்கபடி வெட்டி வைத்திருந்தாள். மேசைமேல் வைத்த பென்சில் உருளவில்லை.

"இதத்தாண்டா வாங்கணும்," என்றாள். "அறை இதோட கூட வருது, அவ்வளவுதான்."

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளன்று காலை, எல்லாரும் செய்வதுபோல, கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனோம். பழைய சாமான் ஒன்றுகூட இல்லை. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த வெள்ளை மேசை ஒன்று, மடித்த காகிதத்தை மிதித்துக்கொண்டு, சாய்ந்து நின்றது.

நோட்டரி அலுவலகத்தில், விற்பவரான கெர்வெல்லா முன்னமே வந்திருந்தார். இறந்தவள் அவருக்கு அத்தை. நோட்டரி அம்மாள் பத்திரத்தை வரிவரியாக உரக்கப் படித்து வந்தார். சாமான் பட்டியலில் வாதுமை மர அலமாரி என்ற இடத்தில் அக்கா கையை உயர்த்தினாள்.

"அது அங்க இல்லீங்களே."

"பழசுங்க மதாம்," என்றார் கெர்வெல்லா. "எல்லாம் புதுசா வாங்கிப் போட்டிருக்கேன். உங்க நல்லதுக்குத்தான்."

"என் நல்லத நான் பாத்துக்கறேன். அது எங்க?"

"பழஞ்சாமான் கடைக்காரர் நேத்து எடுத்துட்டுப் போனாரு. வேணும்னா விலையில ரெண்டாயிரம் யூரோ குறைச்சுக்குவோம்."

"ரெண்டாயிரத்தையும் மடிச்சு மேசைக்காலுக்கு முட்டுக் குடுக்கவா?"

நோட்டரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

கெர்வெல்லாவின் குரல் இறுகியது. "இன்னொருத்தர் காத்திருக்காரு. டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடறவரு. அவர் அலமாரியெல்லாம் தேட மாட்டாரு."

நான் அக்காவின் பக்கம் சாய்ந்தேன். "கையெழுத்தப் போட்டுடு அக்கா. மேசைதான."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை மூடி, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கணத்துக்குள் நான் பலமுறை திரும்பிப் போயிருக்கிறேன். இத்தனை வருடம் அடுத்தவர் கட்டிலில் படுத்தவள், கைக்கு வந்த அறையையும் விட்டுவிடத் தயாராக, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இவள் என் அக்கா என்று அங்கிருந்த சுவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும்போலவும் இருந்தது.

கடைசியில் அவளே வாய் திறந்தாள். "முசியே, உங்க அத்தை அந்த அறைக்குன்னே வெட்டின காலுங்க அது. வேற எங்க வெச்சாலும் நொண்டும். கடைக்காரரக் கேட்டுப் பாருங்க."

கெர்வெல்லா வெளியே போய்க் கடைக்காரரோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். காது சிவந்திருந்தது. கடையின் சமதரையில் அலமாரிக் கதவு தானாகத் திறந்து திறந்து விழுகிறதாம். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறாராம் கடைக்காரர்.

"எல்லாத்தையும் நாளைக்குள்ள கொண்டாந்து வெச்சிடறேன்."

"வெச்சுட்டுக் கூப்பிடுங்க. வந்து கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் சாயங்காலம் கையெழுத்துப் போட்டாள்.

கெர்வெல்லா அந்தப் பணத்தில் சான்-மாலோ துறைமுகத்தில் ஒரு படகு வாங்கினார். நோட்டரி அம்மாள் ஓய்வுபெற்று மகளோடு இருக்கிறார். காத்திருந்தவர் அதே தெருவில் வேறு இரண்டு அறைகளை வாங்கிவிட்டார். அக்கா சந்தை வண்டியை விற்றுவிட்டாள். அந்த மூன்றாம் மாடியில்தான் இருக்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பிடுகிறேன்.