மாதிரிக்குக் கொடுத்த கிளட்ச் தட்டு

1

கதை எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. அக்கா கேட்டது ஒரு புகார். டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர்களின் இணையதளத்தில் புகார் எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். "உனக்குத்தான் எழுத வருமே, நறுக்குன்னு எழுதிக் குடுடி. படிக்கிறவன் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி இருக்கணும்" என்றாள். எழுத ஆரம்பித்தேன். 'ஐயா, வணக்கம்' முடிந்து விஷயத்துக்குள் நுழைவதற்குள் பெட்டி நிரம்பிவிட்டது. அதற்குமேல் ஓர் எழுத்துகூட ஏறவில்லை. கிளட்ச் என்ற சொல்லுக்கே நான் வந்திருக்கவில்லை.

பெட்டியில் அடங்காத மிச்சம்தான் இது. ஆக, இதைப் படிக்கிற நீங்கள் ஒரு வகையில் அந்தக் கடையின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. பயப்படாதீர்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவர்களும் ஒன்றும் செய்வதில்லை.

2

தொடக்கம், முதல் வரைவு:

'மழை விட்டிருந்தது. ஈர மண்ணின் மணம் அவள் நெஞ்சை அப்படியே —'

(அடித்துவிட்டேன். போனில் வாசித்துக் காட்டியதற்கு அக்கா சிரித்தாள். "மணக்குதா இல்லையான்னு யாருடி மோந்து பாத்தா? கையில எடுத்துப் புடிச்சா உருண்டையா நிக்குதா, உதிருதா? அதான் கேள்வி.")

இரண்டாவது வரைவு:

'டிராக்டர் இரண்டாக நின்றது.'

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை. கிளட்ச் தட்டு தேய்ந்துபோனால் டிராக்டரை நடுவில் பிரித்தாக வேண்டும். முன்பாதி எஞ்சினோடு மரக்கட்டைகள் மேல் நிற்கும். பின்பாதி பெரிய சக்கரங்களோடு ஜாக்கி மேல் நிற்கும். அக்காவின் கொட்டகையில் அது அப்படித்தான் நின்றது. நடுவில் ஓர் ஆள் நுழைந்து போகலாம். ஆள் போகவில்லை, கோழிகள் போய் வந்துகொண்டிருந்தன. நாளாக நாளாக ஒரு கோழி அங்கேயே முட்டையும் இட்டுவிட்டது.

பிரித்தவர் மெக்கானிக். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பதால் அவருக்குப் பெயரே ஆகட்டும். தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு அன்று மட்டும் அவர் ஆகட்டும் சொல்லவில்லை.

"மேல இருக்கிற பட்டை ரிவெட் ஆணி வரைக்கும் தேஞ்சுபோச்சு. சரி, புதுப் பட்டை அடிச்சுக்கலாம்னு பாத்தா நடுவுல வெடிப்பு. இது இனிமே தேறாதும்மா. புதுசு வாங்கிட்டு வா. சாமான் கையில வந்தா ஒரு பகல் வேலை, வண்டிய ஒண்ணாச் சேத்துடுவேன்."

3

வண்டி நின்றால் என்ன, ஓடினால் என்ன என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அக்கா பயிர் வைப்பது குத்தகை நிலத்தில். நிலக்காரர் சாதுவான மனிதர். சாதுவாகவே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஈரம் இருக்கும்போதே விதை விழணும்மா. இல்லேன்னா கேக்குறவங்களுக்குக் குடுத்துடுவேன். தப்பா நினைக்காத." கேட்கிறவர் யார் என்று அக்காவுக்குத் தெரியும். பக்கத்து நிலத்துக்காரர். இரண்டு டிராக்டர் வைத்திருப்பதால் ஊரில் அவர் இரட்டை வண்டிக்காரர்.

வாடகை வண்டி பிடித்து உழுதால் என்ன என்கிறீர்கள். அக்காவும் போய்க் கேட்டாள். மழை எல்லார் நிலத்திலும் ஒன்றாகத்தான் பெய்கிறது, ஈரமும் ஒன்றாகத்தான் காய்கிறது. ஆகவே எல்லா வண்டிகளும் அவரவர் நிலத்தில். சும்மா நின்ற ஒரே வண்டி இரட்டை வண்டிக்காரரின் இரண்டாவது வண்டி. அவரிடம் கேட்டதற்கு, "அதுக்கென்னம்மா, தாராளமா. நம்ம வேலை முடியட்டும்" என்றார். அவர் வேலை எப்போது முடியும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.*

* அத்தான் எங்கே என்று கேட்பவர்களுக்கு: லாரி ஓட்டுகிறார், எங்கோ நெடுஞ்சாலையில் இருக்கிறார். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. போனில் "பொறுமையா இரு" என்று சொன்னதைத் தவிர. அதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

4

கடையில் இருப்பவன் பெயர் எனக்குத் தெரியாது. அக்கா அவனைச் 'சிஸ்டம்' என்பாள். எது கேட்டாலும் "சிஸ்டத்துல பாக்குறேன் மேடம்" என்பானாம்.

இவனை எழுதும்போதுதான் எனக்குத் தடுமாற்றம். முதல் வரைவில் அவனுக்கு ஒரு தொப்பை வைத்தேன். பல் குத்த ஒரு குச்சியும், ஆளைப் பார்க்காமல் பேசும் பழக்கமும் கொடுத்தேன். எரிச்சலில் எழுதினால் இப்படித்தான் வரும். அக்கா கேட்டுவிட்டு, "ஐயோ, அவன் அப்படி இல்லடி" என்றாள். "ஒல்லியா இருப்பான். எழுந்து நின்னு பேசுவான். தண்ணி குடிக்கிறீங்களாம்பான். ஒரு வார்த்த மரியாதை குறையாது. அதான்டி கொடுமை. திட்டக்கூட முடியல."

ஆகவே தொப்பையையும் குச்சியையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அவனைப் பார்த்தால் உங்களுக்கும் பிடிக்கும்.

முதல் முறை ஆர்டர் போட்டு, காத்திருந்து, தட்டு வந்தது. நடு ஓட்டை பெரிது. தண்டில் மாட்டினால் கடகடவென்று ஆடியது. ஆகட்டும் அதைக் கழற்றி அக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். புதுசையும் பழசையும் எடுத்துக்கொண்டு அக்கா பஸ் ஏறிப் போனாள். சிஸ்டம் எழுந்து நின்றான்.

"உங்க மாடலுக்கு ரெண்டு விதமான தட்டு இருக்கு மேடம். எதுன்னு சிஸ்டத்துல தெரியல. பழைய சாமான மாதிரிக்குக் குடுத்தீங்கன்னா கிடங்குக்கு அனுப்பி, ஒத்துப் பாத்து, அதே அளவுல அனுப்பச் சொல்லிடுவேன்."

அக்கா தயங்கினாள். ஆகட்டும் புறப்படும்போதே சொல்லியிருந்தார்: "என்ன ஆனாலும் பழைய சாமானக் கைய விட்டுடாத. அளவு எடுத்துக்கச் சொல்லு, ஆனா குடுக்காத. கடைக்குப் போன சாமானும் ஆத்துல போட்டதும் ஒண்ணு." அக்காவுக்கு அது நினைவிருந்தது. ஆனால் எதிரே நிற்பவன் தண்ணீர் கொடுத்திருக்கிறான். நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"தொலைஞ்சுடாதே தம்பி?"

"அதெப்படி மேடம்? வேணும்னா உங்க போன் நம்பர அது மேலயே எழுதிக் குடுங்க."

அவனே பெயின்ட் பேனாவும் கொடுத்தான். அக்கா தட்டின் மேல் வெள்ளை நிறத்தில், கொட்டை எழுத்தில், தன் போன் நம்பரை எழுதினாள்.

5

பிறகு வந்தது காத்திருப்பு. இதை எழுதுவது கஷ்டம், ஏனென்றால் இதில் ஒன்றும் நடக்காது.

'நாட்கள் நகர்ந்தன' என்று —

(இல்லை. நகரவில்லை.)

அக்கா தினமும் காலையில் நிலத்துக்குப் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பார்ப்பாள். உருண்டை நின்றது. வீட்டுக்கு வந்து கடையின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போடுவாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டை ஓடவிடுவார்கள். அந்த மெட்டு இப்போது பாத்திரம் கழுவும்போது அவள் வாயில் வருகிறது. "சனியன், என்னை அறியாம வருதுடி" என்கிறாள்.

ஒரு நாள் உரையாடலை அவள் அப்படியே ஒப்பித்தாள். நான் கமா கூடச் சேர்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கமா மட்டும் என்னுடையது.

"என் தட்டு எங்கம்மா?"

"உங்க ஆர்டர் ப்ராசஸ்ல இருக்கு மேடம்."

"அப்படின்னா?"

"ப்ராசஸ் ஆயிட்டிருக்குன்னு அர்த்தம் மேடம்."

"கிடங்குல யாராச்சும் போய்ப் பாக்கலாம்ல?"

"நாங்க கிடங்குல இல்ல மேடம்."

"கிடங்கு எங்க இருக்கு? நானே போறேன்."

"அந்த விவரம் எங்களுக்குத் தெரியாது மேடம்."

"சரி, நீ எங்கம்மா இருக்க?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம்: "அதச் சொல்லக்கூடாது மேடம்."

அக்காவுக்கு அந்தப் பெண்மேல் பாவமாகப் போய்விட்டது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இப்படிக் கேட்கிற அக்காவை வைத்துக்கொண்டு நான் எப்படி நறுக்கென்று புகார் எழுதுவது? அதற்குள் மண் உருண்டை ஓரங்களில் உதிரத் தொடங்கியிருந்தது.

6

பெட்டி வந்தது.

இந்த இடத்தில் நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் சொந்தக் கற்பனையாக இருந்தால் அடுத்து வருவதை எழுத எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. ரொம்பத்தான் அளக்கிறாள் என்பீர்கள். நானும் அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

புத்தம்புது அட்டைப்பெட்டி. மேலே பளபளவென்று டிராக்டர் படம். நாலு பக்கமும் முத்திரை. ஆகட்டும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, ஏதோ குழந்தையைத் தூக்குவதுபோல அதை மடியில் வைத்துப் பிரித்தார். உள்ளே எண்ணெய்த் தாள் சுற்றியிருந்தது. தாளை விலக்கினார். பிறகு தட்டைத் திருப்பி அக்காவிடம் காட்டினார்.

வெள்ளைப் பெயின்ட்டில், கொட்டை எழுத்தில், அக்காவின் போன் நம்பர்.

அதே தட்டு. அதே தேய்மானம், அதே வெடிப்பு. கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி, புதுப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போனில் செய்தி வந்தது: உங்கள் பொருள் வந்து சேர்ந்துவிட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

"சிரிப்பு வந்துச்சுடி" என்றாள் அக்கா. "நானும் ஆகட்டும் அண்ணனும் சிரி சிரின்னு சிரிச்சோம். அப்புறம் அவர் அந்தப் பக்கம் போனதும் நான் வண்டிக்கு நடுவுல உக்காந்து அழுதேன்."

7

மறுபடி பஸ். மறுபடி கடை. சிஸ்டம் எழுந்து நின்றான். அக்கா பெட்டியை மேசைமேல் வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"கிடங்குல மாதிரியோட ஒத்துப் பாத்துதான் மேடம் அனுப்பியிருக்காங்க. நூத்துக்கு நூறு பொருந்துதுன்னு இருக்கு."

"பொருந்தாமப் போகுமா? அதே சாமான்தானய்யா இது!"

"புரியுது மேடம். ரிட்டர்ன் போட்டுப் பாக்குறேன்." கீபோர்டைத் தட்டினான். முகம் வாடியது. "பயன்படுத்தின சாமானை ரிட்டர்ன் எடுக்க விடமாட்டேங்குது மேடம்."

"பயன்படுத்தினது நான்தான்யா! போன மழைக்கு, அதுக்கு முந்தின மழைக்கு, எல்லாத்துக்கும் நான்தான் ஓட்டினேன்!"

"அதத்தான் மேடம் சிஸ்டமும் சொல்லுது."

கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரவர் கையில் அவரவர் பழைய சாமான். வேறு கடைக்குப் போகலாம்தான். அந்த மாடலுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் இவர்கள்தான் ஏஜென்சி. மற்ற கடைக்காரர்களும் இங்கேதான் ஆர்டர் போடுகிறார்கள்.

"இப்ப நான் என்னதான் செய்யறது? சொல்லு" என்றாள் அக்கா.

சிஸ்டம் உண்மையிலேயே வருத்தப்பட்டான் என்கிறாள். நம்புகிறேன். அவன் சொன்னான்: "புதுசா ஒரு ஆர்டர் போட்டுடலாம் மேடம். அவசரம்னு குறிச்சு அனுப்புறேன். மாதிரி கையிலயே கொண்டு வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. குடுத்துட்டுப் போங்க."

கையை நீட்டினான்.

8

இங்கேதான் எனக்குப் பேனா நின்றுவிட்டது. சில முடிவுகளை எழுதி அக்காவிடம் வாசித்தேன்.

முதல் முடிவு: அக்கா தட்டைத் தூக்கித் திரையின்மேல் எறிகிறாள். கண்ணாடி சிதறுகிறது. கடையில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

"அப்புறம்? போலீஸ் ஸ்டேஷன்ல போய் விதைக்கவா?"

இரண்டாவது: சிஸ்டம் நாற்காலியை விட்டு வெளியே வருகிறான். "வாங்க மேடம், நானே கிடங்குக்கு —"

"அவனுக்கே கிடங்கு எங்கன்னு தெரியாதுடி."

மூன்றாவது: நிலக்காரர் மனம் இரங்கி —

"போதும். நிறுத்து."

நிறுத்தினேன். பிறகு எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். இதை முடிக்காமலேயே விட்டுவிடுகிறேன் அக்கா, முடிக்காதவரை நிலம் உன்னிடம்தானே இருக்கும் என்றேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு பைத்தியம் உண்டு.

"நீ முடிக்காம வச்சிருந்தா மண்ணு காயாம இருக்குமாடி?" என்றாள் அக்கா.

"சரி, தட்டக் குடுத்தியா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றேன்.

"தண்ணி குடுத்தவன்டி, கைய நீட்டிட்டு நிக்கிறான். எப்படி மாட்டேன்னு சொல்ல?" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் போனில் ஒரு சத்தம் கேட்டது. டிராக்டர். பக்கத்திலிருந்து, ஏறி இறங்கி, உழுகிற சத்தம்.

"உன் வண்டியாக்கா?" என்றேன், ஆசையில், புத்தியில்லாமல்.

"என்னுது ரெண்டாத்தான் நிக்குது" என்றாள். "வை போனை."

அந்தச் சத்தம் யார் நிலத்தில் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கு இருந்தால் நீங்களே அவளைக் கூப்பிட்டுக் கேட்டு, கதையை முடித்துக்கொள்ளுங்கள். அவள் நம்பர் தட்டில் எழுதியிருக்கிறது. தட்டு கிடங்கில் இருக்கிறது.