வலது பக்கச் சுவர்

என் வலது காது போய் இரண்டு வருடமாகிறது. பதினெட்டு வருடம் தகடு வெட்டும் இயந்திரத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். காது டாக்டர் "இனி வராது" என்று சொன்னதை இடது காதால் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத்தான் யார் இருந்தார்கள்?

பட்டறையில் எனக்குத் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர். சாப்பாட்டு மேசையின் கோடியில், இடது முழங்கை சுவரில் இடிக்கும் நாற்காலிதான் என் இடம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் பட்டறை இரைச்சலில் ஏதோ கேட்டிருக்கிறார்கள்; நான் பாட்டுக்குச் சாப்பிட்டிருக்கிறேன். எத்தனை தடவைதான் கேட்பார்கள்? வெல்டர் மட்டும், தெரியாமலே, ஆறு மாதம் செவிடன் காதில் சங்கு ஊதிப் பார்த்தார். பிறகு அவரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார்.

வீட்டில் நான் ஒருவன்தான். வாரம் ஒருமுறை அக்கா போன் செய்வாள். "நான் சொல்றது காதுல விழுதா இல்லையாடா?" என்பாள். விழும். போனை இடது பக்கம்தான் வைத்திருப்பேன்.

மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி முதல் ஆறு வரை. கம்ப்யூட்டரில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் துப்பாக்கிச் சண்டை. எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று ஹெட்போனில் காலடிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அரைச் செவிடன் போய்ச் சேர வேண்டிய இடமா அது? போய்ச் சேர்ந்தேன். எங்கள் கேப்டன் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவள், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

"அண்ணா, எதைப் பார்த்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்க" என்றாள் முதல் நாளே. "செத்தாலும் சொல்லிட்டுச் சாவுங்க. உங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்கும் தெரியணும்."

சொல்ல ஆரம்பித்தேன். 'கதவுல ஒருத்தன்.' 'மாடில ரெண்டு பேர்.' மற்ற ஆறு நாள் பேச்சையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த இரண்டு மணி நேரப் பேச்சுக்கு வராது.

கேப்டன் என்னைப் பெரும்பாலும் ஏதாவதொரு சுவரை ஒட்டியே நிறுத்துவாள். அதனால் எனக்குப் பல்லி என்று பெயர். அதை வைத்தவன் எங்கள் அணியில் 'நிதானம்' என்கிறவன். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காதவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். மீதி இரண்டு பேர் அண்ணன் தம்பி. எதிரியைத் திட்டுவதைவிட ஒருவரையொருவர் திட்டுவதுதான் அதிகம். இவர்களில் யார் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குச் சளி பிடித்தால் உலகத்தில் முதலில் தெரிவது இவர்களுக்குத்தான்.

எட்டு மாதம் சுவரோரம் நின்று அலுத்துவிட்டது. லீக் ஆட்டத்தில் நடு முற்றத்தில் நிற்கிறேன் என்று கேட்டேன். "வேணாம்ணா" என்றாள் கேப்டன். ஏன் என்று சொல்லவில்லை. என்னைத் துப்பில்லாதவன் என்று நினைக்கிறாள் போல. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடைசிச் சுற்றில் யாரையும் கேட்காமல் முற்றத்தில் இறங்கினேன். வலது பக்கத்திலிருந்து ஒருவன் சாவகாசமாக நடந்து வந்து என்னைச் சுட்டான். அதோடு ஆட்டம் போயிற்று. இன்னொன்று தோற்றால் லீக்கிலிருந்தே வெளியே.

முன்பே செத்துவிட்டு என் திரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நிதானம், "பல்லிண்ணே, அவன் பூட்ஸ் சத்தம் எங்க பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

அந்த வாரம் முழுக்க வேலையில் மனம் ஓடவில்லை. சொன்னால் என்னை எடுத்துவிடுவார்கள், எடுப்பதுதான் நியாயம். சொல்லாவிட்டால் என்னால் நாலு பேருக்கும் நஷ்டம். இவர்களும் போய்விட்டால் என்னைப் பல்லி என்று கூப்பிடக்கூட ஆள் கிடையாது. வெட்கத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஞாயிறு நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் சொல்லிவிட்டேன்.

"எனக்கு வலது காது கேக்காது. ரெண்டு வருஷமாச்சு. வேற ஆளைப் போட்டுக்குங்க."

 

"தெரியும்ணா" என்றாள் கேப்டன்.

"எப்படி?"

"நீங்க வந்த ரெண்டாவது வாரமே தெரியும். நம்ம ஆட்டத்தையெல்லாம் நான் திரும்பப் போட்டுப் பாப்பேன். நீங்க சாகுறப்பல்லாம் குண்டு வலது பக்கத்துல இருந்துதான் வருது. நீங்க அந்தப் பக்கம் திரும்புறதே இல்ல. அதான் வலது பக்கம் சுவர் இருக்கிற இடமாப் பாத்து நிறுத்தினேன்."

ஒவ்வொரு இடமாக மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். கிடங்கு, படிக்கட்டு, பாலத்தடி. கிடங்கிலும் படிக்கட்டிலும் சுவர் என் வலது தோளில் உரசியபடிதான் இருந்தது. பாலத்தடியில் சுவர் கிடையாது. அங்கே என் வலது பக்கம் எப்போதும் நிதானம் நிற்பான்.

"அட கேப்டனே!" என்று அவன் கத்தினான். "அதுக்குத்தான் என்னைப் பாலத்தடியில கட்டிப் போட்டீங்களா? எனக்குப் பொறுமை வரணும்னு நிறுத்துறீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"அப்பவே கேட்டிருக்கலாமே, கேப்டன்" என்றேன்.

"நீங்களா சொல்லாததை நான் எப்படிண்ணா கேக்கிறது? கேட்டா போயிடுவீங்களோன்னு இருந்துச்சு." உடனே பேச்சை மாற்றினாள். "சரி, மணியாச்சு. பல்லி எங்க நிக்கணும்?"

"சுவத்துல!" என்றார்கள் மற்ற மூன்று பேரும்.

நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் மணி நாலு. ஆட்டம் தொடங்கியதும் 'கதவுல ஒருத்தன்' என்றேன். அன்று ஜெயித்தோமா என்றால், இல்லை. தம்பி தவறுதலாக அண்ணனையே சுட்டுவிட்டான்; லீக் முடிந்தது. நாலு பேரும் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் டப்பாவோடு நின்று என் நாற்காலியைப் பார்த்தேன். இடது பக்கம் சுவர். கேட்கிற காதைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, கேட்காத காதை மனிதர்களுக்குக் காட்டிக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், மரமண்டை. மேசையின் மறுகோடிக்குப் போனேன். அங்கே சுவர் வலது பக்கம்.

அன்று யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை, ஜன்னலோரம் வெயில் தாங்காமல், வெல்டர் வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தார்.

"என்னப்பா, இடம் மாத்திட்டே?" என்றார். பதில் வராது என்ற நினைப்பில் சாப்பிடவும் ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு வலது காது கேக்காதுண்ணே. ரெண்டு வருஷமாச்சு."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "அப்ப நான் ஆறு மாசமா உன்கிட்ட பேசினதெல்லாம்?"

"ஒண்ணுகூட விழலண்ணே" என்றேன். "முதல்ல இருந்து சொல்லுங்க."