பலாமரத்தருகே நிற்கும் வண்டி

1

இந்தக் கதை என் மனதில் தோன்றியது என்று சொன்னால் பொய். ஓர் அட்டவணையின் கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் தோன்றியது.

நாக்பூரில் ஒரு பட்டறையில் நான் ஸ்டோர் குமாஸ்தா. என் அலமாரியில், உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி ஒன்றின் கையேடு கிடக்கிறது. வண்டி இல்லை, கையேடு மட்டும்தான். அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை: கோளாறு, காரணம், செய்ய வேண்டியது. மத்தியானத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படிப்பேன். தமிழில் பேச இங்கே ஆள் கிடையாது. அட்டவணையாவது கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது.

எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம், ஐயம்பேட்டையிலிருந்து ராஜவேலு ஓர் இன்லண்டு லெட்டர் போட்டான். எட்டாவது வரை என்னோடு படித்தவன். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, ஆனால் தறியில் உட்காராமல் பம்புசெட் மெக்கானிக்காகப் போனவன்.

"உக்காந்து ஓட்டற புல்லு வண்டி ஒண்ணு கையில மாட்டிக்கினு இருக்குதுபா. நான் ஓட்னா ஓடுது. ஓனர் ஓட்னா நின்னு பூடுது. உன்னாண்ட புஸ்தகம் எதுனா இருந்தா எய்தி அனுப்பு."

அட்டவணையைத் தமிழில் எழுதி அனுப்பினேன். பதினொரு காரணங்கள். அவனுடைய வண்டி நின்றதற்குப் பன்னிரண்டாவதாக ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

2

எப்படி ஆரம்பிப்பது?

"பூத்துக் குலுங்கும் மாந்தோப்பின் நடுவே, சிவப்பு வண்டி ஒன்று பெருமூச்சு விட்டு"

இல்லை. வண்டி பெருமூச்சு விடாது. படித்தால் ராஜவேலு சிரிப்பான்.

"ஸ்ரீபாலனுக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்து, இடது கால்"

இதுவும் வேண்டாம். காலில் ஆரம்பித்தால் நீங்கள் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த மனிதருக்கு அது பிடிக்காது.

நாற்காலியில் ஆரம்பிக்கிறேன்.

3

ஏனாத்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு மாந்தோப்பு. ராஜவேலு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தும்போது, மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு நாற்காலி வந்துகொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் அதைத் தோளில் தூக்கி வந்தார்கள். அதில் ஸ்ரீபாலன் நயினார் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, கைகளைத் தொடைமேல் இறுக்கி வைத்திருந்தார்.

"ஏ, வழி உடு வழி உடு! சாமி பொறப்பாடு!" என்றான் முன்னால் தூக்கி வந்தவன்.

ஸ்ரீபாலனும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் ராஜவேலு குனிந்து செருப்பைத் துடைத்தான். ஏனென்றால், மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் அந்த வண்டியைப் பார்த்து, "தைரியமா எடுங்க நயினாரே, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் அவன்தான்.

"பலாமரத்தாண்டதானா?" என்று நயினாரிடம் கேட்டான்.

"அதே எடம். ஏழாவது நிமிசம். கரும்பொகை கக்கும், ரெண்டு தபா இருமும், அவ்ளோதான். ஸ்டார்ட் பண்ற கவுறு இழுத்து இழுத்துத் தோள்பட்டையே கழண்டு பூடுச்சி. அப்பாலே ஆளக் கூவ வேண்டியதுதான்."

வாசலில் அவருடைய அண்ணன் பாகுபலி நின்றுகொண்டிருந்தார். வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "பங்குனி மொத வெள்ளிக்கிழம வரிக்கும் பாப்பேன் மேஸ்திரி. அன்னிக்கும் நின்னா மாட்டுவண்டியில ஏத்தி பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். எங்க போவணுமோ சொல்லுடா ஸ்ரீபாலா, ஆளு தூக்கிக்கினு போறான். அதுல இன்னா கொறச்சல் உனக்கு?"

அண்ணன் உள்ளே போனபிறகு ஸ்ரீபாலன் ராஜவேலுவிடம் மெதுவாகச் சொன்னார்: "பலாமரத்தத் தாண்டி மூலையில ஒரு மரம் இருக்குது. நானே ஒட்டு கட்னது. மொத தபா பூத்துக்கீதாம். நின்னு பாக்கணும்பா. தூக்கறவனுக்குத் தோள் வலிக்கசொல்ல, இரு இருன்னு எப்டி சொல்றது?"

(வாசகரே, இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது இவ்வளவுதான். ஒரு மனிதர் ஒரு மரத்தைத் தன் இஷ்டத்துக்கு நின்று பார்க்க வேண்டும். கொலை, கல்யாணம் எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.)

4

நீங்கள் இப்போது கேட்பீர்கள்: நயினார்கள் சமணர்கள் ஆயிற்றே, அவர்கள் வீட்டில் புல் வெட்டும் வண்டியா? பிளேடுக்கு அடியில் எத்தனை பூச்சி சாகும்?

கேட்க வேண்டிய கேள்விதான். வண்டி வந்த அன்றே பிளேடைக் கழற்றச் சொல்லிவிட்டார் ஸ்ரீபாலன். அது மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்குகிறது. அவருக்குத் தேவைப்பட்டது வண்டியின் இருக்கையும் நான்கு சக்கரமும்தான். இடது கால் பெடலுக்கு ராஜவேலு ஒரு இரும்புக் கம்பியை வெல்டிங் வைத்து, கையால் அழுத்துகிற மாதிரி செய்து கொடுத்தான். ஓட்டுவதும் வெயில் நன்றாக ஏறியபிறகுதான், அதுவும் புல் இல்லாத செம்மண் தடத்தில் மட்டும்தான். புல் வெட்டுவதைத் தவிர எல்லாம் செய்கிற புல் வெட்டும் வண்டி அது.

5

என் அட்டவணை போய்ச் சேர்ந்தது. ராஜவேலு வரிசையாக ஆரம்பித்தான்.

பெட்ரோல் டாங்கி மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும். அது அடைத்தால் உள்ளே காற்றுப் போகாது, பெட்ரோல் இறங்காது, வண்டி கொஞ்ச தூரம் போய் நிற்கும். "இதுதான்! இதேதான்!" என்று குதித்தான். துளை நன்றாகவே இருந்தது.

பெல்ட் தளர்ந்திருக்கலாம். இறுக்கினான்.

பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. பிளக் கறுத்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. இரண்டும் கலக்கிற கார்புரேட்டரைப் பிரித்து, துணியில் பரப்பி, ஒவ்வொரு துளையாக ஊதி மாட்டினான்.

காற்று வடிகட்டி தூசியில் அடைத்திருக்கலாம். தட்டலாம் என்று திறந்தான். தட்ட ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்கு எழுதினான்: "இவ்ளோ சுத்தமான பில்டர நான் பாத்ததே இல்லபா. கடையில இருந்து இப்பதான் எடுத்தா மாதிரி இருக்குது."

இந்த வரியை நான் படித்தேன். மடித்து வைத்துவிட்டேன். செம்மண் தோப்பில் தினமும் ஓடுகிற வண்டியின் வடிகட்டியில் தூசி இல்லையென்றால் என்ன அர்த்தம்? இரண்டு வருஷமாக அட்டவணை படிப்பவனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கதாசிரியன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ராஜவேலு தானே ஏறி ஒரு சுற்று வருவான். பதிமூன்று நிமிஷம். பலாமரம், மூலை, திரும்ப வாசல். வண்டி தும்மக்கூட தும்மாது. மறுநாள் காலையில் ஸ்ரீபாலன் ஏறுவார். ஏழாவது நிமிஷம் நாற்காலி புறப்படும்.

"உனுக்கும் வண்டிக்கும் எதுனா சம்மந்தமா மேஸ்திரி?" என்றார் பாகுபலி. "நீ இருந்தா பொண்டாட்டி மாதிரி அடங்கி ஓடுது."

"என் பொண்டாட்டி எங்கங்க அடங்கி ஓட்றா?" என்றான் ராஜவேலு. ஆனால் சைக்கிளை மிதித்துக்கொண்டே நாளை எண்ணினான். அன்றைக்குப் புதன்கிழமை, கெடுவுக்கு இரண்டே நாள்.

6

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் ஸ்ரீபாலனின் மனைவி மதனவதியைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். கணவர் வெளியே போகாமல் தன் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும் என்று அவள் ரகசியமாக வண்டியை

அடித்துவிட்டேன். அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. கதைக்கு ஒரு ஆள் குறைகிறது என்பதற்காக ஒரு பெண்மேல் பழி போட்டேன். நடந்தது வேறு.

7

வியாழக்கிழமை ராஜவேலு வழக்கத்தைவிட முன்னால் வந்தான். வீட்டுப் பின்பக்கக் கொடியில் வெள்ளைத் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நாலாக மடித்த மடிப்புக்கோடு தெரிந்தது. நடுவில் ஒரு வட்டம், சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு. எண்ணெயும் செம்மண்ணும் ஊறி, எவ்வளவு துவைத்தும் போகாத வட்டம்.

அந்த வட்டத்தை அவன் ஒரு மாதமாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். துணியை உருவிக்கொண்டு வண்டிக்கு ஓடினான். காற்று வடிகட்டி மூடியின்மேல் வைத்தான். அச்சு மாதிரி உட்கார்ந்தது.

"தம்பி, தம்பி! அது வடிகட்ற துணி. கை படக்கூடாது, குடு இப்டி." மதனவதி பின்னாலேயே வந்துவிட்டார்.

"இத வண்டியில கட்றீங்களாம்மா?"

"கட்டாம? அது காத்த உறிஞ்சுது இல்ல? காத்துல எவ்ளோ உசுரு பறக்குது. தண்ணிய வடிகட்டித்தான் குடிக்கறோம், இதுக்கு மட்டும் கட்டாம உடலாமா? தெனம் காலையில நாந்தான் கட்றேன். நாலு மடிப்பு."

"நான் வரசொல்ல ஒரு நாளும் பாக்கலயே?"

"எப்டி பாப்ப? வண்டி நின்ன ஒடனே, நீ வரதுக்குள்ள, பலாமரத்தாண்ட போயி அவுத்துடுவேன். துணியில ஒட்டிக்கினு இருக்கறத, எங்கேர்ந்து வந்துச்சோ அங்கியே ஒதறி உடணும் இல்ல? கெணத்துத் தண்ணி வடிகட்னா, அலசன தண்ணிய அதே கெணத்துலதான உடறோம்."

ராஜவேலு தலையில் கை வைத்து உட்கார்ந்தான். வண்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நாலு மடிப்பில் ஏழு நிமிஷத் தூசி ஏறினதும், பலாமரத்து மேட்டில் பாரம் கூடும்போது, காற்றே இல்லாமல் செத்திருக்கிறது.

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா? நயினாரே, நீங்களாவது!"

திண்ணையில் திண்டில் சாய்ந்திருந்த ஸ்ரீபாலன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இதுல சொல்றதுக்கு இன்னாபா இருக்குது? தண்ணி வடிகட்டிக் குடிக்கறோம்னு யார்னா சொல்லிக்கினு திரிவாங்களா?"

"அப்ப, நான் துணி இல்லாம ஓட்டனேனே?"

"அது உன் பாவம் தம்பி," என்றார் மதனவதி. "நாங்க எப்டி சொல்றது?"

துணி இருந்தால் வண்டி ஓடாது. துணி இல்லாவிட்டால் ஸ்ரீபாலன் ஏறமாட்டார். கேட்டே பார்த்தான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "நான் ஒரு மரத்தப் பாக்கறதுக்கு ஆயிரம் உசுரு போவணுமா? வாணாம்பா. நாற்காலி இருக்குது."

8

முடிவு ஒன்று: நாற்காலி. நிஜ வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: ராஜவேலு தந்திரமாக நாலு மடிப்பில் மூன்றை உள்ளே வெட்டிவிட்டு

கூடாது. ஏமாற்றி ஓட்டினால் வண்டி ஓடும், கதை நின்றுவிடும்.

நான் இன்னொன்று யோசித்து வைத்திருந்தேன். ராஜவேலுவின் மனைவி காந்தா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

9

காந்தா தறிப் பாவு நூலுக்குப் போடக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். சொம்பின் வாயில் துணியை மடித்துக் கட்டி ஊற்றினாள். இறங்கவில்லை. சனியனே என்று அவிழ்த்து, பெரிய அண்டாவின் வாயில் அதே துணியை விரித்துக் கட்டி ஊற்றினாள். குபுகுபுவென்று இறங்கியது.

வாசலில் முகம் தொங்க உட்கார்ந்திருந்த ராஜவேலு எழுந்து வந்தான்.

"இன்னா, கஞ்சிய மொறச்சி மொறச்சிப் பாக்கற? பசிக்குதா?"

"அந்தப் பூக்கூட எங்க?"

"எந்தக் கூட? யோவ், அது எங்க அம்மா குடுத்தது! யோவ்!"

கூடை சைக்கிளில் ஏறிவிட்டது.

நயினார் வீட்டில் மதனவதி கூடையைப் பார்த்து யோசித்தார். ரெண்டு மடிப்புக்குக் குறையக்கூடாது என்றார். சரி, ரெண்டு. கூடையைக் கவிழ்த்து வடிகட்டியை மூடி, கூடை முழுக்கத் துணியை இழுத்துக் கட்டினார்கள். காற்றுக்கு இப்போது முறத்தைவிட அகலமான வாசல். உறிஞ்சும் வேகமும் குறைவு. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, துணியருகே பறந்த ஒரு கொசுவை மதனவதி கால்மணி நேரம் பார்த்தார். அது ஒட்டவில்லை, தன்பாட்டுக்குப் போய்விட்டது.

"ம்," என்றார்.

என் அட்டவணையின் வெற்றிடத்தில் பென்சிலால் எழுதிவிட்டேன். கோளாறு: பாதியில் நிற்கிறது. காரணம்: இரக்கம். செய்ய வேண்டியது: விரித்துக் கட்டவும்.*

* மேலதிகாரி பார்த்தால் திட்டுவார். பார்க்கட்டும்.

10

வெள்ளிக்கிழமை. பாகுபலி மாட்டுவண்டியைப் பூட்டி வாசலிலேயே நிறுத்தியிருந்தார். நாற்காலியும் ஆட்களும் தயார். ஸ்ரீபாலன் கயிற்றை இழுத்தார். வண்டி கிளம்பியது, பின்னால் ஒரு பூக்கூடை முண்டாசோடு. மரங்களுக்குள் போய் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது.

ராஜவேலு கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து. ஆறு. ஏழு. சத்தம் இருந்தது. எட்டு. காந்தா கூடைக்காகவே வந்திருந்தாள், அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது நிமிஷம் சத்தம் நின்றது.

"முடிஞ்சிபோச்சி," என்றார் பாகுபலி. "டேய், நாற்காலிய எடுங்கடா."

"கவுறு இழுக்கற சத்தம் கேக்குதா?" என்றான் ராஜவேலு.

"அந்தக் கோடியில இழுத்தா இங்க எப்டி மேஸ்திரி கேக்கும்?"

ஆட்கள் நாற்காலியைத் தோளுக்குத் தூக்கினார்கள். மதனவதி குறுக்கே வந்து நின்றார். கணவரின் அண்ணன்முன் அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

"அவரு கூப்டட்டும்," என்றார். "கூப்டா போலாம்."

ராஜவேலுவின் லெட்டரில் இதுவரைதான் இருக்கிறது. தாளின் மடிப்பு ஓரத்தில், பசைக்கு மேலே, பொடி எழுத்தில்: "எடம் இல்லபா. நேர்ல சொல்றேன்." எனக்கு லீவு பொங்கலுக்குத்தான்.

வண்டி நின்றுவிட்டதா, அவர் நிறுத்தினாரா? பலாமரத்தைத் தாண்டியிருப்பாரா? மூலை மரத்துப் பூவை எண்ணிக்கொண்டிருக்கிறாரா, கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போய், கூப்பிட மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரா? எழுதிவிடலாம், பேனா என் கையில்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுதினால் அதுவும் அவரைத் தூக்கிக்கொண்டு வருவதுதான்.

நீங்கள் போய்ப் பார்ப்பதாக இருந்தால் உங்கள் இஷ்டம். தடம் ஒன்றுதான், நடந்தால் பத்து நிமிஷம். நான் மதனவதியோடு வாசலிலேயே நிற்கிறேன்.

இன்னும் கூப்பிடவில்லை.