ஓரக்கட்டை

எங்கள் ஆற்றங்கரைப் பாதையில் படியே கிடையாது. சக்கர நாற்காலி, குழந்தை வண்டி எல்லாம் சிரமமில்லாமல் போகலாம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. பெருக்குகிறவன் சிரமத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பிக்னிக் மேசைகளைத் தாண்டினால் தண்ணீரை ஒட்டி ஒரு மரமேடை. காட்சி மறைக்குமாம், அதனால் கம்பி வைக்கவில்லை. நாற்காலி உருண்டுவிடாமல் விளிம்பில் கணுக்கால் உயரத்துக்கு ஓர் ஓரக்கட்டை மட்டும். சருகெல்லாம் அதில்தான் போய் அடையும். அள்ளி அள்ளி என் இடுப்பு ஒடிந்தது. கட்டையைக் கழற்றிவிட்டால் ஒரே தள்ளு, குப்பை ஆற்றோடு போய்விடும். மூன்று வருடமாக அப்படித்தான் செய்தேன்.

அன்றும் கழற்றிப் போட்டுவிட்டு, பெருக்குவதற்கு முன் டீ குடிக்கப் போனேன். ரிட்டயர்டான டிராயிங் மாஸ்டர் வழக்கம்போல மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். மேசையில் விட்ட பிளாஸ்கை எடுக்கத் திரும்பியிருக்கிறார். ஈர மரம், லேசான சரிவு, நாற்காலி வழுக்கிக்கொண்டே போய் ஆற்றில் விழுந்துவிட்டது. அலறல் கேட்டு ஓடிப்போய்க் குதித்தேன். அந்த அம்மாவைக் கரை சேர்த்தபோது மூச்சு இல்லை.

நாற்காலியையும் நான்தான் இழுத்தேன். சக்கரம் சுற்றவில்லை, பிரேக் இறுகப் போட்டிருந்தது. மேலே உருட்ட வேண்டுமே என்று கை தன்னால் அதை எடுத்துவிட்டது. அது பழக்கதோஷம். போலீஸ் வருவதற்குள் கட்டையைத் திரும்ப மாட்டியது மட்டும் தெரிந்தே செய்தது. மாஸ்டர் மனைவியின் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பிரேக் போடாத நாற்காலி வேகமெடுத்துக் கட்டையைத் தாண்டிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். அவருடைய ஒரே மகள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாளாம்.

நேற்று என்னைத் தேடி வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். பிரேக் போட்டதாகத்தான் ஞாபகம், ஆனால் இப்போது தன்னையே நம்ப முடியவில்லை என்றார்.

"நாற்காலிய வெளிய எடுத்தது நீங்கதானே. பிரேக் போட்டிருந்துச்சா, இல்லையா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, தாங்கிக்கிறேன்."

உண்மை தொண்டை வரை வந்தது. அப்படியானால் எப்படி விழுந்தாள் என்று அடுத்து கேட்பார். வேலை போகும், ஜெயிலும் வரலாம்.

"இல்லைங்க சார், போடல."

சொல்லும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. மற்றவர்களெல்லாம் மழுப்பினார்கள், நீங்கள் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னீர்கள் என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் எதிரிலேயே மகளுக்கு போன் போட்டார்.

"ஆமாம்மா. நீ சொன்னதுதான் சரி. அம்மாவ நான்தான் கொன்னுட்டேன்."